டிம்ப்னா க்வர்க்கும் பிஷப்பின் பின்னங்காலும்

"இந்த ஊர்ல எல்லாரும் காதாலதான் குதிரை பாக்கறாங்க. மூஞ்சில ரெண்டு கண்ணு வெச்சு ஆண்டவன் அனுப்பியிருக்கானே, அது எதுக்கு, கண்ணாடி மாட்டறதுக்கா?"

டிம்ப்னா க்வர்க் இதைச் சொல்லாத நாளும் அயர்லாந்தின் டிப்பெரரியில் மழை பெய்யாத நாளும் ஒன்றுதான். இரண்டையும் யாரும் பார்த்ததில்லை. பூசை முடிந்து சர்ச் வாசலில் சொல்வாள். கசாப்புக் கடை வரிசையில், தன் முறை வந்த பிறகும் நகராமல் நின்று சொல்வாள். சாவு வீட்டுக்குப் போனாலும் விடமாட்டாள். பெட்டிக்குள் படுத்திருப்பவரின் கையைத் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டு, "பாவம், தங்கமான மனுஷன். ஆனா இவரும் காதாலதான் பாத்தாரு" என்று பெருமூச்சு விடுவாள். விதவை தலையாட்டுவாள். வேறு என்ன செய்வாள்?

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜனவரி மாதத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கத்துக் குதிரைப் பண்ணைகள் எல்லாம் கதவைத் திறந்து வைத்து, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கிற பொலிகுதிரைகளை வெளியே நடத்திக் காட்டும். சூப் உண்டு, ஹாம் சாண்ட்விச் உண்டு, காகிதக் கோப்பையில் டீ உண்டு. பெண்குதிரை வைத்திருக்கிற அத்தனை பேரும் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக வந்துவிடுவார்கள். வந்து என்ன பார்ப்பார்கள்? கையில் கொடுத்த புத்தகத்தைப் பார்ப்பார்கள். அப்பன் யார், ஆத்தாள் யார், எத்தனை பந்தயம். பிறகு பக்கத்தில் நிற்பவனிடம், "யார் யாரெல்லாம் இவனுக்குப் பெண்குதிரை அனுப்பறாங்க?" என்று கிசுகிசுப்பார்கள். குதிரை பாட்டுக்கு ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போய்விடும்.

டிம்ப்னா புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வாள், மழைக்கு.

முப்பத்தெட்டு வருஷம் பால் கூட்டுறவு சங்கத்தில் பால் சோதித்தவள். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், எந்தப் பண்ணைக் கிணற்றுத் தண்ணீர் கலந்தது என்று சொல்லிவிடுவாள். கல்யாணம் ஆகவில்லை. தம்பி ஃபின்டனுக்கும் ஆகவில்லை. அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, பதினாலு ஏக்கர் புல்தரை, ஆளுக்குப் பாதி உரிமையாக ஒரு பெண்குதிரை. அதன் பெயர் ரெயினி சண்டே. தூங்குமூஞ்சி. பின்னங்கால் இரண்டும் மேசைக்கால் மாதிரி நேராக நிற்கும். எட்டுக் குட்டி போட்டிருந்தது. அந்த எட்டில் உருப்படியானது ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தில் ஓடியது மொத்தம் நாலு. நாலாவது பாதி வழியில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் டிம்ப்னாவின் கண் தப்பியதே இல்லை. எந்த இளம் குதிரையை ஊர் ஒதுக்குகிறதோ, அதன் பின்னால் போய் நின்று பார்த்து, "இவன் குட்டிங்க ஓடும்" என்பாள். பதினைந்து வருஷத்தில் மூன்று முறை அப்படி அடித்துச் சொன்னாள். முதல் முறை ஒரு சிவப்புக் குதிரை. "காதைப் பாரு, கழுதைக் காது" என்றான் ஃபின்டன். வேறொரு நாகரிகமான குதிரைக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷம் கழித்து, அந்தக் கழுதைக் காதன் குட்டிகள் பாதி ஐரோப்பாவை ஜெயித்தன. அவன் லாயத்துக் கதவைத் தொடுவதற்கே சிபாரிசு தேவைப்பட்டது. அடுத்த இரண்டு முறையும் இதே கதைதான். மூன்று முறையும் அவள் கண் சரி. மூன்று முறையும் ஃபின்டன் வாய் ஜெயித்தது. பாதிக் குதிரை அவனுடையது அல்லவா?

அந்த வருஷம் சண்டேக்குப் பத்தொன்பது வயது. கால்நடை மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு குட்டி. அதோட விட்டுருங்க."

ஒரே ஒரு குட்டி. தன் கண்ணை நம்பித் தன் குதிரையை ஒரு தடவையாவது அனுப்ப வேண்டும் என்று டிம்ப்னாவுக்கு ஆசை. இதை விட்டால் இல்லை.

சனிக்கிழமை கில்மோரன் பண்ணைக்குப் போனார்கள். மழை. மேலாளர் ஃபெர்கல் டெலஹன்டி ஒலிபெருக்கியைப் பிடித்தான். ஃபெர்கலுக்கு இரண்டு குரல். சாதாரணமாகப் பேசும்போது நம்ம ஊர் ஆள். ஒலிபெருக்கியைப் பிடித்தால் மகாராணியின் சித்தப்பா பையன்.

"சீமான்களே, சீமாட்டிகளே! ராயல் வெலாசிட்டி! இந்த வருடம்தான் பண்ணைக்கு வந்திருக்கிறார். இதுவரை நூற்று எண்பது முன்பதிவுகள்!"

கூட்டம் "ஆஆ" என்றது. கழுத்தை வில்லாக வளைத்துக்கொண்டு குதிரை வந்தது. சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைத் தாழ்த்தினார்கள், தேசிய கீதம் மாதிரி.

டிம்ப்னா மட்டும் பின்னால் போய் நின்றாள். "முன்னங்கால்ல மட்டும்தான் நடக்கறான். பின்னங்கால் சும்மா துணைக்கு வருது."

"சத்தமாப் பேசாத டிம்ப்னா" என்றான் ஃபின்டன், வாய் நிறைய ஹாம்.

"குதிரைக்குக் கேட்டா கேக்கட்டும்டா. திருந்தட்டும்."

கடைசியாக ஷை பிஷப், அதாவது கூச்சக்கார பிஷப், என்ற குதிரையை அழைத்து வந்தார்கள். அதற்குள் கூட்டம் சூப்புப் பக்கம் போய்விட்டது. பிஷப்பைப் பார்க்க டிம்ப்னா, ஃபின்டன், ஒரு நாய்.

பிஷப்புக்கு இது நாலாவது வருஷம். வந்த வருஷம் நூற்று முப்பது பெண்குதிரை. மறு வருஷம் எழுபது. அதற்கடுத்து முப்பது. இந்த வருஷம் ஒன்பது. அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவனுடைய முதல் குட்டிகள் இந்த வசந்தத்தில்தான் பந்தயத்தில் இறங்கப் போகின்றன. ஓடவில்லை என்றால் அப்பன் பெயர் கெடும், அப்புறம் வயிற்றில் இருக்கிற குட்டியைக்கூட எவனும் சீந்த மாட்டான். எதற்கு வம்பு என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். கட்டணமும் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது.

"பரீட்சை ரிசல்ட் நாளைக்கு வரப் போவுது. இன்னிக்கே பையன வீட்ட விட்டுத் துரத்தறாங்க" என்றாள் டிம்ப்னா.

பிஷப் ஈரச் சரளையில் தலையைத் தொங்கப்போட்டு நடந்துபோனான். அவள் குனிந்தாள். முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டி எவ்வளவு தூரத்தில் பின்னங்குளம்பு விழுகிறது என்று ஃபின்டனின் குடைப் பிடியை வைத்து அளந்தாள். "ஒரு சாண் தாண்டி விழுதுடா! எண்ணெய் போட்ட கதவு மாதிரி இடுப்பு திறக்குது பாரு!"

"எழுந்திரு. பாக்கறாங்க."

"இவன் நல்லா நடக்கறது பெரிசில்ல. குட்டிக்குக் குடுக்கறானா, அதான் கேள்வி. குடுக்கறான். பதினோரு குட்டி பாத்துட்டேன். ஆத்தா ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. பின்னங்கால் மட்டும் அத்தனைக்கும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணு."

பொய்யில்லை. போன இலையுதிர் காலம் முழுக்க அவள் ஊர் ஊராகப் போய், வேலிக் கதவில் முகவாயை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் குட்டிகளை எட்டிப் பார்த்தபடி நின்றாள். ஒரு வீட்டில் மாட்டு இன்ஸ்பெக்டர் என்று நினைத்து, கணக்கில் காட்டாத இரண்டு மாட்டைப் பின்வாசல் வழியாக ஓட்டிவிட்டார்கள்.

சர்ச்சில் ஃபாதரிடம்கூட ஆதரவு கேட்டாள். "ஃபாதர், பிஷப்புக்கு இந்த வருஷம் ஒம்பதே பேருதான்." ஃபாதர் கூரையைப் பார்த்தார். "என் மேலதிகாரியப் பத்தி நான் எதுவும் பேசறதுக்கில்ல, டிம்ப்னா."

ஃபின்டன் பாதி இறங்கி வந்திருப்பான். விதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிபோனில் வந்தது.

பண்ணைகள் திறந்திருக்கும் அந்த இரண்டு நாளும் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். பிடித்த குதிரையின் பெயரையும் உங்கள் பெயரையும் சீட்டில் எழுதிப் போடலாம். குலுக்கலில் விழுந்தால் அந்தக் குதிரையோடு உங்கள் பெண்குதிரையை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபின்டன் சாண்ட்விச்சோடு சாண்ட்விச்சாக ஒரு சீட்டை எழுதிப் போட்டிருக்கிறான். ராயல் வெலாசிட்டி.

"மிஸ்டர் க்வர்க்! மனமார்ந்த வாழ்த்துகள்!" ஒலிபெருக்கிக் குரலிலேயே கூப்பிட்டிருந்தான் ஃபெர்கல்.

ஃபின்டன் டெலிபோனை வைத்துவிட்டுச் சமையலறையைச் சுற்றி ஒரு நடை நடந்தான், கழுத்தை வில்லாக வளைத்துக்கொண்டு. "இருபத்தஞ்சாயிரம் யூரோ கட்டணக் குதிரை, டிம்ப்னா! ஓசி! ராஜா நம்ம சண்டேயக் கட்டிக்கப் போறாரு!"

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"என் பாதிய அனுப்ப மாட்டேன். உன் பாதிய வேணா பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போ."

"ஓசிலடீ!"

"ஓசில குடுத்தா நீ கொள்ளிக்கட்டையையும் வாங்கிப் பாக்கெட்ல வெச்சுக்குவ."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. உருளைக்கிழங்கைக்கூடத் தனித்தனியாக வேகவைத்தார்கள். மூன்றாம் நாள் டிம்ப்னா இறங்கி வந்தாள். "வா. மோசி லூபி வயல்ல பன்னெண்டாவது குட்டி நிக்குது. போன வசந்தத்துல பொறந்தது. நேத்து ரோட்லேருந்து பாத்தேன், தெரிஞ்சு போச்சு. நீ உன் கண்ணால பாத்துட்டுப் பேசு."

மோசி லூபி பக்கத்துப் பண்ணைக்காரன். ரகசியமோ வானிலையோ, எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் குசுகுசுவென்றுதான் சொல்வான். மூன்று பேரும் வேலியோரம் நின்றார்கள். பழுப்புக் குட்டி ஒன்று, ஒன்பது மாசம் இருக்கும், வயலின் அந்தக் கோடியிலிருந்து வாய்க்காலைத் தாண்டி வந்தது.

டிம்ப்னாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? பாத்தியாடா? இந்தத் தொடை, இந்த முட்டி, இந்த நடை! ரத்தம்னா இது ரத்தம்! மோசி, பன்னெண்டுலயும் இதான் அச்சு அசல். இதோட அப்பன் பெரிய குதிரைப்பா. நான் சொல்றேன், இந்த ஜில்லாவே ஒரு நாள் அவன் வாசல்ல நிக்கும்!"

மோசி இடமும் வலமும் பார்த்தான். பிறகு குசுகுசுத்தான். "டிம்ப்னா, இது... பார்னியோட குட்டி."

பார்னி யார் என்று எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். கில்மோரன் பண்ணையில் அவனும் ஒரு குதிரை. ஆறு பந்தயம் ஓடி ஆறிலும் கடைசி. அவனுக்கு ஒரே வேலை: வருகிற பெண்குதிரைக்கு மனசு இருக்கிறதா என்று போய் மோந்து பார்ப்பது. மனசு இருந்தால் பார்னியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெரிய குதிரை வரும். நிச்சயதார்த்தம் வரைக்கும் பார்னி, கல்யாணத்துக்கு வேறு ஆள்.

நடந்தது இதுதான். மோசியின் பெண்குதிரையைப் பிஷப்புக்கு விட்டார்கள். பதினாறாம் நாள் ஸ்கேன் பார்த்தார்கள், சினை இல்லை என்றார்கள். மறுநாள் அது பண்ணை வயலில் நின்றபோது, அத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் திரட்டிக்கொண்டு பார்னி வேலியைத் தாண்டிவிட்டான். பதினோரு மாசம் கழித்துக் குட்டி. மோசி வெட்கப்பட்டு அதைப் பதிவுகூடச் செய்யவில்லை.

ஃபின்டன் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிரிப்புச் சத்தம்கூட வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்குள் ஜில்லாவுக்கே தெரிந்துவிட்டது. மோசி குசுகுசுவென்று சொன்னதை யாரும் தவறவிடுவதில்லை. கசாப்புக் கடைக் கண்ணாடியில் யாரோ எழுதி ஒட்டினார்கள்: "மாவீரன் பார்னி. முன்பதிவுக்கு டிம்ப்னாவை அணுகவும்." பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாம் "ரத்தம்னா இது ரத்தம்!" என்று கத்திக்கொண்டு போனார்கள். ஃபின்டன் கண்டிக்கவில்லை. அவன்தான் சொல்லிக்கொடுத்தவன்.

டிம்ப்னா நாலு நாள் வெளியே வரவில்லை. பாலைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல் டீயில் ஊற்றினாள். தப்பாகப் பார்த்துவிட்டோமோ? அப்படியானால் அந்தக் கழுதைக் காதனும் குருட்டு அதிர்ஷ்டமா? ஐந்தாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு நேரே மோசியின் வயலுக்குப் போய், குட்டி நடந்த சேற்றில் குனிந்து அளந்தாள். இரண்டு தரம் அளந்தாள். பிறகு மோசி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மோசி, ஸ்கேன் தப்பு. அன்னிக்கே சினைதான். பார்னி வந்தது விருந்து முடிஞ்சப்புறம். பிடரி மயிர் பிடுங்கி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பு."

"பிடுங்கினா குட்டிக்கு வலிக்குமே..."

"உன் தலைல பிடுங்க ஒண்ணும் இல்ல, இருந்தா நீயும் தெரிஞ்சுக்கலாம். அனுப்பு."

வேரோடு முப்பது மயிர் உறைக்குள் போனது. அன்று மாலை ஃபின்டனும் அவளும் கைகொடுத்துப் பந்தயம் வைத்தார்கள். குட்டி பார்னியுடையது என்று வந்தால் சண்டே ராயல் வெலாசிட்டிக்கு. பிஷப்புடையது என்று வந்தால் பிஷப்புக்கு.

"இப்பவே லாரியத் துடைச்சு வெச்சுடறேன், ராஜா வீட்டுக்கு அழுக்கா போகக் கூடாது" என்றான் ஃபின்டன்.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் மோசி காகிதத்தோடு வந்தான். கூட்டம் கூடிவிட்டது. ஃபின்டன் அதைப் பிடுங்கி, பஸ்ஸில் பெயர் கூப்பிடுகிற குரலில் படித்தான்: "மேற்படி குட்டியின் தந்தை..." நிறுத்தினான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். "...ஷை பிஷப்."

டிம்ப்னா கையுறையைப் பொறுமையாக மாட்டினாள், ஒவ்வொரு விரலாக. "பார்னிகிட்ட எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்குங்க. பாவம், செய்யாத தப்புக்குப் பேர் வாங்கினான்."

ஃபின்டன் சொன்ன சொல் காத்தான். ஓசிப் பரிசை வேறு யாருக்கும் மாற்ற முடியாது என்பது விதி. அதனால் அந்த வாழ்த்துக் கடிதத்தைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டினான், செத்துப்போன சித்தப்பா படத்துக்குப் பக்கத்தில்.

மார்ச்சில் சண்டேயை ஏற்றிக்கொண்டு போனார்கள். வழி முழுக்க அவன் சாவுப் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினான். பண்ணையில் ஃபெர்கல் படிவத்தை நீட்டினான், சாதாரணக் குரலில். "மிஸ் க்வர்க், எந்தக் குதிரைக்குன்னு நீங்களே எழுதிருங்க."

டிம்ப்னா எழுத ஆரம்பித்தாள். பதினைந்து வருஷமாக அவள் விரல் காட்டிய பெயர் ஒன்று, படிவத்தில் ஏறிய பெயர் வேறொன்று. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்தி எழுதினாள். ஃபின்டன் ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தவன், அதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரைக்கும் காகிதம் காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

கொட்டகைக்குள் பார்னி தன் கடமையை ஊக்கமாகச் செய்துவிட்டு, வழக்கம்போல இழுத்துச் செல்லப்பட்டான். பிஷப் வந்தான். ஜன்னலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கால் மணி நேரம் ஒரு சிட்டுக்குருவியைப் பார்த்தான்.

"ஜெபம் பண்றாரு போல" என்றான் ஃபின்டன். "பக்கத்து லாயத்துல ராஜா சும்மாதான் நிக்கறாரு. இப்பவும் மனச மாத்திக்கலாம்."

"வாய மூடுடா. அவருக்குக் கூச்சம்."

எப்படியோ காரியம் நடந்தது. ஸ்கேனில் சினை என்று வந்தது. டிம்ப்னா மூன்று வேறு மருத்துவர்களை வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

ஏப்ரலில் பிஷப்பின் முதல் குட்டி கார்க் ஊர்ப் பந்தயத்தில் ஓடியது. கடைசி. இரண்டாவது குட்டி ஓடியது. கடைசிக்கு முந்தியது. மே மாசம் முழுக்க ஃபின்டனின் பஸ் அவளைத் தாண்டும்போதெல்லாம் நீளமாக ஒரு ஹாரன். ஜூனில் ஒன்று கர்ரா மைதானத்தில் ஜெயித்தது. அடுத்த வாரம் இரண்டு. ஆகஸ்டில் ஃபெர்கல் ஒலிபெருக்கிக் குரலில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான்: "எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்." மோசி தன் குட்டிக்கு லாயம் கட்டி, கதவுக்குப் பூட்டும் போட்டான்.

மறு ஜனவரியில் பிஷப்பின் கட்டணம் ஐந்து மடங்கு. ராயல் வெலாசிட்டி வெளியே வந்தபோது சூப்புப் பக்கம் கூட்டமாக இருந்தது. பிஷப் வந்ததும் முப்பது பேர் அவன் பின்னால் சரளையில் குந்தி, ஆளுக்கொரு குடையால் தடத்தை அளந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, சண்டே குட்டி போட்டது. பூசையிலிருந்து அப்படியே நாற்பது பேர் வந்துவிட்டார்கள். லாயத்து வாசலில் கழுத்துக்கு மேல் கழுத்து. எல்லோருக்கும் ஒன்றுதான் பார்க்க வேண்டும்: அந்தப் பின்னங்கால்.

குட்டி எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து நின்றது. பெண்குட்டி. தூங்குமூஞ்சி. பின்னங்கால் இரண்டும் மேசைக்கால் மாதிரி நேராக நின்றன. தலையிலிருந்து வால் வரைக்கும் ஆத்தாள். பிஷப்பின் சாயல் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

நாற்பது பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். மோசி ஏதோ குசுகுசுக்க வந்து நிறுத்திக்கொண்டான். ஃபின்டனால் மட்டும் தாங்க முடியவில்லை.

"ஏன் டிம்ப்னா, ஊர்ல இருக்கற பன்னெண்டு குட்டிக்கும் காலைக் குடுத்த மனுஷன், நமக்கு மட்டும் குடுக்க மறந்துட்டாரே?"

டிம்ப்னா குட்டியைச் சுற்றிப் பின்னால் போய் நின்றாள். தலையைச் சாய்த்துச் சாவகாசமாகப் பார்த்தாள். பிறகு வைக்கோலை எடுத்து அதன் முதுகைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மறக்கலடா மடையா. அந்தப் பன்னெண்டுக்கும் ஆத்தாகிட்ட நல்ல பின்னங்கால் இல்ல, அதனால போனாப் போகுதுன்னு தன்னோடத எடுத்துக் குடுத்தாரு. நம்ம சண்டேய மேலயும் கீழயும் கால் மணி நேரம் பாத்தாரு, இதுல நாம திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு அப்படியே விட்டுட்டாரு. போ, அந்தக் கதவைச் சாத்து, குட்டிக்குக் குளுருது."